தேறலும் தெளிவும்: மது அருந்தா வாசகரும் மதுக் கவிதையும்

இலக்கியத்தைச் ‘சுவைத்தல்’ என்று கூறுவது தமிழில் நெடுநாள் வழக்கு. நாவின் தொழிலைக் குறிக்கும் சொல்லே நூலைப் படித்து மகிழ்வதற்கும் வழங்கி வருகின்றது. இவ்வழக்கு வெறும் உவமையன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளின் இயல்பை விளக்கப் புகுந்தபோது, வேம்பும் கரும்பும் போன்ற பொருள்கள் நாவிற் படுதலையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். சுவைக்கப்படும் பொருள் ஒன்று உண்டு. அது பொறியோடு கூடுகின்றது. அதனால் உள்ளத்தே ஓர் உணர்வு எழுகின்றது. அவ்வுணர்வு உடலின்கண் வெளிப்படுகின்றது. இலக்கியச் சுவை பற்றிய தமிழ்ச் சிந்தனை இவ்வாறு நாவிலிருந்தே தொடங்குகின்றது.

அவ்வாறாயின், ஒரு பொருள் நாவிற் படவே இடமில்லாத வாசகர் அப்பொருளைப் பாடும் கவிதையை எங்ஙனம் சுவைப்பார்? இவ்வினா கல்முனைக் கரையில் வெறும் ஏட்டு வினா அன்று. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என அம்பாறைக் கரையோரம் நெடுகத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் வாழ்கின்றனர். மார்க்கம் மதுவை விலக்கியுள்ளது. ஆனால் அவர்கள் பயிலும் இலக்கியமோ மதுவால் நிறைந்தது. சங்கப் புலவர் தேறலைப் பாடுகின்றனர். வள்ளுவர் காமத்தைக் கள்ளோடு ஒப்பிடுகின்றார். பாரசீகக் கவிஞரும் ஸூபி ஞானியரும் கிண்ணத்தையும் அதனை ஏந்தி வருவோரையும் பாடுகின்றனர்.

இந்நிலையில் இரு போக்குகள் எளிதில் தலையெடுக்கின்றன. ஒன்று, மது வரும் இடங்களை விரைந்து தாண்டிச் செல்லுதல். மற்றையது, மது என்ற சொல்லைக் கண்டவுடனேயே அதனை ‘இறைகாதல்’ என மொழிபெயர்த்து அமைதல். முதலாவது வாசிப்பைக் கைவிடுதல். இரண்டாவது வாசித்ததாகப் பாவனை செய்தல். 1929 இல் வெளிவந்த நூலொன்றில் ஐ. ஏ. றிச்சட்ஸ் கவிதை வாசிப்பின் இடையூறுகளைத் தொகுத்தபோது, முன்னரே ஆயத்தமாயுள்ள வாய்பாட்டு எதிர்வினையையும், கொள்கைப் பற்று வாசிப்பில் குறுக்கிடுவதையும் தனித்தனியே எண்ணினார். மதுக் கவிதை விடயத்தில் இவ்விரண்டும் கைகோத்து நிற்கின்றன எனலாம். மது முதலில் மதுவாக நின்ற பின்னரே அது குறியீடாக முடியும் என்பதும், அதனை மதுவாகக் காண்பதற்கு வாசகர் அதனை அருந்தியிருக்க வேண்டியதில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. யவனர் தந்த தேறல்

தமிழ்க் கவிதையில் இத்தாலிய மதுவைத் தேடுவோர் சென்று சேருமிடம் புறநானூற்றின் 56 ஆம் பாடல். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது அது; பாடாண் திணை, பூவைநிலைத் துறை. மன்னனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டபின், யவனர் நல்ல கலத்திற் கொணர்ந்த, குளிர்ந்த, மணங்கமழும் தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி வளையணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்து வாழ்வாயாக எனப் புலவர் வாழ்த்துகின்றார்.

யவனர் என்ற சொல் கிரேக்கரையும் உரோமப் பேரரசின் வணிகரையும் பொதுவாகக் குறித்தது. கலம் என்பது பாத்திரத்தையும் மரக்கலத்தையும் குறிக்கும் சொல். உரைமரபில் இங்கு குப்பி எனப் பொருள் கொள்ளப்பட்டது. அகழ்வாய்வு இவ்விடத்தில் உரையாசிரியருக்குத் துணை வருகின்றது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945 இல் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பின்னர் நடந்த ஆய்வுகளில், கிரேக்கத் தீவான கோஸின் சாடிகளோடு இத்தாலியச் சாடிகளும் அவற்றிடையே இனங்காணப்பட்டன. கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழ்வுகளிலும் இத்தகைய துண்டுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. அவற்றுட் சில வெசூவியஸ் எரிமலையைச் சூழ்ந்த கம்பானியா நாட்டின் கருமணல் கலந்த களிமண்ணாற் செய்யப்பட்டவை. புலவர் கூறிய ‘நல்ல கலம்’ மண்ணாலான சாடி எனக் கொள்ளுதற்கு இவை இடந்தருகின்றன.

இனி, வணிகர் எழுதிவைத்த சான்று ஒன்றும் உண்டு. கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்ளுஸ்’ என்னும் கிரேக்க நூல், மேற்கிந்தியத் துறைமுகமான பரிகாசாவில் இறக்குமதியான பொருள்களைக் கூறுமிடத்து மதுவைக் குறிப்பிட்டு, இத்தாலிய மதுவுக்கே அங்கு முதலிடம் எனவும், லவோதிக்கேயா, அரேபியா ஆகிய இடங்களின் மதுவும் செல்லும் எனவும் கூறுகின்றது. ஆனால் சேரநாட்டு முசிறிக்கு வரும்போது, மது உண்டு, ஆனால் மிகுதியாக இல்லை என்ற அளவில் அமைகின்றது. இவ்விரு குறிப்புகளும் சிறியவையாயினும் திறனாய்வுக்குப் பெரும் பயன் தருவன. முதலாவதிலிருந்து, ஒரு மதுவுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு கண்டு ஒன்றை விரும்பிக் கேட்ட நாக்குகள் அக்காலத்து இந்தியக் கரையில் இருந்தன என்பது புலனாகின்றது. இரண்டாவதிலிருந்து, தென்கரையில் அம்மது அரிதாகவே கிடைத்தது என்பது தெரிகின்றது.

அருமை பற்றிய இவ்வறிவோடு பாடலுக்குத் திரும்பினால், அதன் அமைப்பு தெளிவடைகின்றது. தேறலின் குளிர்ச்சியைக் கூறிய புலவர் அதன் நிறத்தைக் கூறவில்லை. மணத்தைக் கூறியவர் அது இனித்ததா, புளித்ததா, துவர்த்ததா எனக் கூறவில்லை. மாறாக, அது எங்கிருந்து வந்தது, எதில் வந்தது, எதிற்குப் பெயர்க்கப்பட்டது, யார் கையால் ஊட்டப்பட்டது என்பவற்றையே வரிசைப்படுத்துகின்றார். அயலவரின் கலத்திலிருந்து பாண்டியனின் பொற்கிண்ணத்துக்குத் தேறல் மாறும் அந்தக் கணத்தில், கடல்கடந்த செல்வம் அரசனுடைய செல்வமாகின்றது. பாடலின் பொருள் மதுவன்று. மன்னனின் எட்டும் கை. மதுவின் சுவை கூறப்படாமை புலவரின் குறை அன்று. பாடாண் திணையின் தேவை. கொற்றத்தைக் காட்டும் குறியாக மது நிற்கும்போது நாவின் அனுபவம் பின்னுக்குச் செல்வது இயல்பே.

எனினும், மணம் என்று புலவர் குறித்த ஒன்றைத் தாண்டிச் செல்லல் தகாது. மண்சாடிகளின் உட்புறத்துக்கு மரப்பிசின் பூசுவது அக்காலத்து வழக்கம். கோஸ் தீவின் மதுவிற் கடல்நீர் கலக்கப்பட்டது. அதனைப் போன்ற மதுவை இத்தாலியிலேயே ஆக்கும் முறையை உரோமரான கேட்டோ தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்தார். ஆகவே நன்மாறனின் கிண்ணத்திற் கமழ்ந்தது பழத்தின் மணம் மட்டுமன்றிப் பிசினின் மணமுமாக இருந்திருக்கலாம். அது செந்நிறமுடையதா என்பதற்கும் பாடலிற் சான்றில்லை. இன்றைய இத்தாலியச் செம்மதுவை அதன்மேல் ஏற்றிப் படிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் இன்றைய இத்தாலியச் செம்மதுவை மதிப்பிடுவோர் கைக்கொள்ளும் முறை, பாடல் கூறாது விட்டவை எவை என்பதைக் காண உதவுகின்றது.

2. துவர் என்னும் சொல்

மதுவை மதிப்பிடுவோர் அருந்துவோர் அல்லர். அவர்கள் ஒரு நாளிற் பல மாதிரிகளைச் சுவைத்து உமிழ்ந்து விடுகின்றனர். கிண்ணத்தை வெண்துணிக்கு மேற் சாய்த்து நிறத்தையும் விளிம்பையும் முதலில் நோக்குவர். பின்னர் அதனைச் சுழற்றி முகர்வர். அதன்பின்னரே ஒரு மிடறு வாயிற் கொண்டு அதன் புளிப்பு, துவர்ப்பு, கனம் என்பவற்றைத் தனித்தனியே கவனிப்பர். இறுதியாக, வாயை விட்டு நீங்கிய பின்பும் எவ்வளவு நேரம் அதன் நினைவு நிற்கின்றது எனக் காத்திருப்பர். இவ்வொழுங்கின் நோக்கம் ஒன்றே: ‘நன்று’, ‘தீது’ என்னும் முடிவைப் பிற்படுத்துதல்.

முடிவைப் பிற்படுத்துதல் ஏன் வேண்டும் என்பதை இத்தாலியச் செம்மது நன்கு உணர்த்துகின்றது. அந்நாட்டின் வடமேற்கிலுள்ள பீடுமொன்ற் பிரதேசத்தில் நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து பரோலோ மது ஆக்கப்படுகின்றது. அதன் நிறம் அடர்த்தியற்றது. ஆண்டுகள் செல்லச் செல்லச் செங்கல் நிறத்தை அடைவது. கண்ணால் மட்டும் நோக்குவோர் அதனை மெலிந்த மது எனத் தீர்ப்பளிப்பர். வாயில் வைத்தாலோ ஈறுகள் இறுகும் அளவுக்கு அது துவர்க்கும். அத்துவர்ப்பு ஆறுதற்காகவே, குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாய்களில், அதனை முதிரவைக்க வேண்டும் என இத்தாலியச் சட்டம் விதிக்கின்றது. தஸ்கனிப் பிரதேசத்தின் சன்ஜியோவேசே திராட்சை தரும் கியாந்தியோ வேறு இயல்பினது, புளிப்பு முன்னிற்பது. கம்பானியாவின் அலியானிக்கோ கருமையும் துவர்ப்பும் ஒருங்கே மிக்கது. ஒரு நாட்டின் ‘செம்மது’ என்னும் ஒரு பெயருக்குள் இத்தனை வேறுபாடுகள் அடங்கியுள்ளன. கவிதையில் ‘மது’ என்னும் ஒரு சொல்லைக் கண்டவுடன் பொருள் முடிந்துவிட்டதாகக் கருதுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழின் செல்வமொன்று மனங்கொள்ளத்தக்கது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு ஆகியவற்றோடு துவர்ப்பையும் ஒரு தனிச் சுவையாகத் தமிழர் எண்ணினர். மேலைநாட்டாரின் அடிப்படைச் சுவைகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை; அது நாவின் சுவையன்று, வாயின் உலர்வுணர்ச்சி என்பது அவர்தம் கொள்கை. உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு தனின் என்னும் பொருள் பிணைவதால் வாயின் வழுவழுப்பு நீங்குகின்றது என அறிவியல் விளக்கும். காரணம் எதுவாயினும், செம்மதுவின் உயிர்நாடியான பண்புக்குத் தமிழில் எழுவாய்ச் சொல்லொன்று முன்னரே உள்ளது. அன்றியும், துவர் என்பது சுவையை மட்டுமன்றிச் செந்நிறத்தையும் குறிக்கும். துவர்வாய் என்பதிலும் துவராடை என்பதிலும் நிறமே பொருள். திராட்சையின் தோலிலிருந்தே செம்மதுவுக்கு நிறமும் துவர்ப்பும் ஒருங்கே வந்து சேர்கின்றன. மதுவைப் பற்றி எண்ணாமலே ஒரு மொழி இவ்விரண்டையும் ஒரு சொல்லில் இணைத்து வைத்திருப்பது வியப்புக்குரியது. நெபியோலோவில் நிறம் குறைந்து துவர்ப்பு மிகுந்து நிற்பதும், அச்சொல்லின் இரு பொருளும் எப்போதும் ஒருங்கு செல்வதில்லை என்பதைக் காட்டுகின்றது.

துவர்ப்பை அறிவதற்குக் கல்முனை வாசகர் மதுவைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அது அவருடைய அன்றாட அறிவு. பாக்கு துவர்க்கும், நாவற்பழம் துவர்க்கும், நாவையும் நிறம் மாற்றும், சாயம் கூடிய வெறுந்தேநீர் துவர்க்கும். அத்தேநீரிற் பாலை ஊற்றியவுடன் துவர்ப்பு அடங்குவதும் எல்லாரும் அறிந்ததே. பாலின் புரதம் தனினைப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். இத்தாலியர் துவர்ப்பு மிகுந்த மதுவை இறைச்சியோடும் பாற்கட்டியோடும் உண்பதன் நியாயமும் இதுவே. கொழும்பில் 1883 முதல் நடைபெற்றுவரும் தேயிலை ஏலத்தைச் சார்ந்து வளர்ந்த தேயிலைச் சுவைஞர்களும் உறிஞ்சி, வாயிற் சுழற்றி, உமிழ்ந்தே தரம் காண்கின்றனர். ஆகவே சுவையை ஆராயும் ஒழுக்கம் இலங்கைக்குப் புதியதன்று. அதன் பொருள் மட்டுமே வேறு.

இதனாற் பெறப்படுவது யாது? மதுவின் போதையை அருந்தாதவர் அறியார். அதனை அறிந்ததுபோல் எழுதுவது நேர்மையுமன்று. ஆனால் மதுவின் நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு, குளிர்ச்சி, முதிர்ச்சி ஆகியவற்றை வேறு பொருள்களின் வழியாக ஓரளவு அறியலாம். சுவைஞரும் மதுவைச் சேலாப்பழம், ரோசா, தோல், தார் என வேறு பொருள்களைக் கொண்டே விவரிக்கின்றனர். அறிந்ததைக்கொண்டு அறியாததை உணர்த்துவதுதானே உவமையின் தொழில்? கவிதை செய்வதும் அதுவே. மார்க்கம் விலக்கிய ஒன்றை ருசிபார்க்கத் தூண்டுவது திறனாய்வின் வேலையன்று. சொல் எதனைச் சுட்டுகின்றது எனக் கூர்ந்து நோக்கச் செய்வதே அதன் வேலை.

3. விலக்கியவரின் துல்லியம்

மதுவை விலக்குதலும் மதுவைக் கவிதையில் ஆளுதலும் முரணானவை அல்ல என்பதற்குத் தமிழிலேயே தலைசிறந்த சான்று திருக்குறள். கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் வகுத்துக் குடியை வன்மையாகக் கண்டித்த வள்ளுவர், காமத்துப்பாலிற் கள்ளை மீண்டும் மீண்டும் உவமைக்கு அழைக்கின்றார். கள் உண்டவருக்கே மகிழ்ச்சி தரும், காமமோ கண்டவருக்கும் தரும் என்பது ஓரிடத்துக் கருத்து. நினைத்த அளவில் களித்தலும் கண்ட அளவில் மகிழ்தலும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கே உண்டு என்பது பிறிதோரிடத்துக் கருத்து. இழிவு தரினும் மீண்டும் நாடச் செய்யும் கள்ளின் தன்மையைத் தலைவனின் மார்போடு ஒப்பிடுவது மூன்றாவது.

இம்மூன்றிலும் வள்ளுவர் கள்ளைப் பொதுவான ‘இன்பம்’ எனக் கொள்ளவில்லை. ஒவ்வோரிடத்தும் அதன் ஒரு பண்பை மட்டும் பிரித்தெடுக்கின்றார்: உண்டால் மட்டுமே பயன் தருதல், உடல் எல்லையைத் தாண்டாமை, பழக்கமாகிப் பற்றிக்கொள்ளுதல். கள்ளுண்ணாமையில் கண்டனத்துக்கு ஆளான அதே பண்பு மூன்றாவது இடத்திற் காதலின் பெருமைக்கு அளவுகோலாகின்றது. ஒரு பொருளை அறத்தால் விலக்கிய ஒருவர் அதன் இயல்பை அறிவால் விலக்கவில்லை என்பதே இதன் பாடம். துல்லியம் பழக்கத்தால் மட்டும் வருவதன்று, கவனத்தாலும் வருவது.

4. முத்திரையிடப்பட்ட மது

இஸ்லாமிய மரபிலும் நிலைமை இதுவே. திருக்குர்ஆன் மதுவைப் படிப்படியாக விலக்கிற்று. ஐந்தாம் அத்தியாயத்தில் அவ்விலக்கு முழுமை பெறுகின்றது. ஆனால் சுவனத்தை வருணிக்கும் இடங்களில், அருந்துவோர்க்கு இன்பம் தரும் மது ஆறுகளும் தலைவலியோ மதிமயக்கமோ தராத பானமும் கூறப்படுகின்றன. கஸ்தூரியால் முத்திரையிடப்பட்ட தூய மதுவும் பேசப்படுகின்றது. இவ்வருணனைகள் இவ்வுலக மதுவின் குறைகளை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்வன. தலைவலியும் மயக்கமும் மதுவின் இயல்பு என அறிந்தோர்க்கே அவை இல்லாத மதுவின் பெருமை விளங்கும். எனவே உலகியல் மதுவை முற்றாக மறந்தவர் மறுமை மதுவின் பொருளையும் இழப்பர்.

அரபுக் கவிதையில் மது பற்றிய பாடலே ஒரு தனி வகையாக வளர்ந்தது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ நுவாஸின் மது, பாத்திரத்தில் ஊற்றப்படும் மதுவே. 1235 இல் மறைந்த இப்னுல் பாரிழின் மதுவோ திராட்சைக் கொடி படைக்கப்படுவதற்கு முன்னரே அருந்தப்பட்டதாகக் கூறப்படுவது. பின்னவர் முன்னவரின் சொற்களஞ்சியத்தையே எடுத்தாள்கின்றார்: கிண்ணம், நறுமணம், முத்திரை, அருந்துவோர் கூட்டம். கொடிக்கு முந்திய மது என்ற அந்த ஒரு முரணிலேயே பாடல் தன் ஞானப்பொருளை அறிவித்துவிடுகின்றது. அம்முரண் இன்றி, வாசகர் தாமாகவே ஒரு மதுப்பாடலை ஞானப்பாடல் ஆக்க முயல்வது வேறு. கவிஞரே அவ்வாறு ஆக்கி வைத்திருப்பது வேறு. அபூ நுவாஸைப் பாரிழாகப் படிப்பது இருவருக்கும் செய்யும் அநீதி.

தமிழ் ஸூபி மரபில் முதன்மை பெற்ற குணங்குடி மஸ்தான் சாஹிபின் (1792–1838) இயற்பெயர் சுல்தான் அப்துல் காதர். மஸ்தான் என்னும் பட்டத்தின் அடிச்சொல்லான மஸ்த் என்பது பாரசீகத்தில் போதையுற்ற நிலையைக் குறிக்கும். இறைநினைவில் தம்மை இழந்தவரை மக்கள் அழைக்க வேறு சொல் கிடைக்காமையால் அன்று, அதனினும் பொருத்தமான சொல் இல்லாமையாலேயே அது நிலைத்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நடைபெறுகின்றது. ஸூபி மரபு இக்கரையின் வாழ்வோடு எத்துணை நெருங்கியது என்பதற்கு அது சான்று. மதுவைக் கையாலும் தொடாத ஒரு சமூகம், தன்னை இழந்த ஞானியைப் போதையின் சொல்லால் அன்போடு அழைத்து வந்துள்ளது. மதுவின் சொல் இச்சமூகத்துக்கு அயலானது என்ற எண்ணம் இதனால் வலுவிழக்கின்றது. ஆயினும் ‘மது என்றால் இறைகாதல்’ என்ற வாய்பாடு மஸ்தான் என்ற சொல்லையும் வறிதாக்கிவிடும். தன்வயமிழத்தல், ஊரார் பழிப்புக்கு ஆளாதல், மீளும் வழி அறியாமை ஆகிய போதையின் இடர்களெல்லாம் அச்சொல்லில் உண்டு. அவ்விடர்களை உணராதார்க்கு ஞானியின் துணிவும் விளங்காது.

5. அப்பம் மறைந்த விருந்து

மதுக் கவிதை தமிழுக்கு வந்த இன்னொரு வழி உமர் கையாமின் ருபாயியாத். 1859 இல் எட்வர்ட் பிற்ஸ்ஜெரால்ட் ஆங்கிலத்தில் வெளியிட்ட வடிவத்தின் வழியே அது உலகெங்கும் பரவிற்று. தமிழில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஆக்கம் பெரும் புகழ் பெற்றது. கிழக்கிலங்கையிலும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை ருபாயியாத்தைத் தமிழாக்கினார்.

மரநிழலில் நூலும் மதுவும் துணையும் அமைந்த அந்தப் புகழ்பெற்ற காட்சி மொழிதோறும் எவ்வாறு மாறிற்று என்பது ஆராயத்தக்கது. பாரசீகத்தில் அக்காட்சிக்கு மூலமான நாலடிகளுள் ஒன்றில் கோதுமை அப்பமும் மதுவும் ஆட்டின் தொடையும் உள்ளன. மற்றொன்றில் செம்மதுவும் கவிதை நூலும் அரை அப்பமும் உள்ளன. பிற்ஸ்ஜெரால்ட் இவற்றை இணைத்தபோது இறைச்சியை விட்டுவிட்டார். நூலும் மதுவும் அப்பமும் எஞ்சின. கவிமணியின் தமிழிலோ நிழலோடு தென்றல் வந்து சேர்கின்றது, கவிதை நூல் கம்பனின் கவியாகின்றது, கலசத்தில் மது நிறைகின்றது, அப்பம் இல்லை.

கம்பனைக் கொணர்ந்தமை மொழியாக்கத்தின் உரிமை மட்டுமன்று, அதன் வெற்றியுமாகும். அந்த ஒரு மாற்றத்தால் பாடல் தமிழ் மண்ணிற் காலூன்றிற்று. அப்பம் நீங்கியமை அத்துணை எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. அப்பமும் இறைச்சியும் உடனிருக்கும்போது மது ஓர் உணவு. பசியுள்ள ஒரு மனிதனின் எளிய விருந்தின் ஒரு பகுதி. இத்தாலியில் இன்றும் செம்மதுவுக்குரிய இடம் உணவு மேசையே. அதன் புளிப்பும் துவர்ப்பும் உணவை எதிர்நோக்கி நிற்பவை. அப்பம் நீங்கியவுடன் மது பசியோடுள்ள உறவை இழந்து, தென்றலோடும் கீதத்தோடும் சேர்ந்த இன்பப் பொருள்களில் ஒன்றாகிவிடுகின்றது. பிற்ஸ்ஜெரால்ட் தொடங்கிய மென்மையாக்கத்தைக் கவிமணி நிறைவு செய்தார் எனலாம். செய்யுள் இனிமையில் வளர்ந்தது. மண்ணிலிருந்து சற்று மேலெழுந்தும் விட்டது. தமிழ் வாசகர் உமர் கையாமைக் களிப்பின் கவிஞராக மட்டும் அறிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அரை அப்பத்தோடு மனநிறைவு கொள்பவரின் குரலில் உள்ள வறுமையும் வீம்பும் கலசம் நிறைந்த காட்சியிற் கேட்பதில்லை.

மது மதுவாக நின்றால் மட்டுமே இத்தகைய வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். அதனை உடனடியாக ஞானமாக்கும் வாசகருக்கு அப்பம் இருந்தாலென்ன, மறைந்தாலென்ன? பாவமெனத் தாண்டிச் செல்பவருக்கும் அதே நிலை.

6. இக்பாலின் கிண்ணம்

மதுக் கவிதை மீது இஸ்லாமிய உலகிலிருந்தே எழுந்த மிகக் கூர்மையான திறனாய்வு இக்பாலுடையது. 1915 இல் வெளிவந்த ‘அஸ்ராரே குதீ’ யில் அவர் ஹாபிஸைக் கடுமையாகச் சாடினார். அக்கவிதையின் இனிமை செயலூக்கத்தை மழுங்கச் செய்து ஒரு சமூகத்தையே உறங்கவைக்கும் என்பது அவர் குற்றச்சாட்டு. அதனால் எழுந்த எதிர்ப்பின் பின் இரண்டாம் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. ஆயினும் அதே இக்பால் 1935 இன் ‘பாலே ஜிப்ரீல்’ தொகுதியில் ‘ஸாகீ நாமா’ என்னும் நீண்ட கவிதையைப் படைத்து, மது ஊற்றுவோரை விளித்தார். அவர் மதுவை வெறுத்து விலக்கவில்லை. அதன் பயனை மாற்றினார். உறங்கவைக்கும் கிண்ணம் விழிக்கவைக்கும் கிண்ணமாயிற்று.

ருபாயியாத்தைத் தமிழாக்கிய அப்துல் காதர் லெப்பையே ‘இக்பால் இதயம்’ என்னும் நூலையும் தந்தவர் என்பது இங்கு பொருள் பொதிந்தது. உமர் கையாமையும் இக்பாலையும் ஒரே கிழக்கிலங்கைக் கவிஞரின் மேசையில் காண்கையில், இக்கரையின் இலக்கிய மனம் எத்துணை அகன்றது என்பது தெரிகின்றது. அவர் ஒருவரைக் கொண்டு மற்றவரை மறைக்கவில்லை.

இக்பால் தரும் அளவுகோல் பயனுடையது: மது என்ன பொருள் தருகின்றது என்பதோடு அது வாசகரை என்ன செய்கின்றது எனவும் கேட்டல் வேண்டும். ஆனால் அளவுகோலுக்கும் எல்லை உண்டு. ஹாபிஸின் ஒரு சொல்லே ஒருங்கே மதுவாகவும் ஞானமாகவும் பாசாங்குத் துறவிகள்மீது வீசிய எள்ளலாகவும் நிற்கக்கூடியது. அப்பன்முகத் தன்மையைப் பயன் என்னும் ஒற்றைக் கேள்வி முழுமையாக அளந்துவிடாது. இக்பாலே தம் சாடலை இரண்டாம் பதிப்பில் நீக்க நேர்ந்தமை கருதத்தக்கது.

7. நிறைவாக

நக்கீரரின் தேறல் மன்னனின் கை எட்டிய தூரத்தைக் காட்டிற்று. வள்ளுவரின் கள் காதலை அளக்கும் கோலாயிற்று. இப்னுல் பாரிழின் மது படைப்புக்கு முந்திய ஒன்றைச் சுட்டிற்று. கையாமின் மது அப்பத்தோடு இருந்தபோது ஒன்றும், அப்பத்தை இழந்தபோது வேறொன்றுமாயிற்று. இக்பாலின் கிண்ணம் விழிப்பை ஊற்றிற்று. இவை ஐந்தும் ஒரே மது அல்ல. இவற்றை ஒன்றெனக் கொள்ளும் வாசகர் பரோலோவையும் கியாந்தியையும் நிறத்தால் மட்டும் கண்டு ‘செம்மது’ என முடித்துக்கொள்பவரை ஒப்பர்.

அம்பாறைக் கரையின் பாடசாலைகளிலும், 1995 இல் தோன்றி ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்போருக்கு இவ்வினா பிறரைவிட நெருக்கமானது. மதுப் பாடல்களைத் தாண்டிச் சென்றால் சங்கத்தின் ஒரு பகுதியும், தமதேயான இஸ்லாமிய இலக்கியத்தின் பெரும்பகுதியும் அவர்களுக்கு மூடிய கதவாகும். வாய்பாட்டால் திறக்க முயன்றால் கதவு திறந்தும் உள்ளே ஒன்றும் தென்படாது. உண்மையில் அருந்தாத வாசகருக்கு ஒரு நன்மையும் உண்டு. தம் பழக்கத்தின் இன்பத்தைக் கவிதையின் இன்பமாக மயங்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அவர் முன் இருப்பது சொல் மட்டுமே. சொல்லை முழுமையாக நம்பி வாசிக்க வேண்டிய நிலையில் அவர் உள்ளார். போதை என்னும் ஒன்று தம் அனுபவ எல்லைக்கு அப்பாற்பட்டது என ஒப்புக்கொண்டு, ஏனையவற்றை நாவற்பழத்தாலும் வெறுந்தேநீராலும் பாக்கின் துவராலும் அறிந்துகொண்டு, அவர் அச்சொல்லை அணுகலாம்.

தேறல் என்பது வண்டல் நீங்கித் தெளிந்த மது. தேறுதல் என்பது தெளிதலையும், ஆராய்ந்து துணிதலையும் குறிக்கும். வண்டல் அடியிற் படியும்வரை பொறுத்திருத்தலே இரண்டுக்கும் பொதுவான பண்பு. கிண்ணத்தில் உள்ளது விலக்கப்பட்டதாயினும், அப்பொறுமை எவருக்கும் விலக்கப்பட்டதன்று.